எது பிராடக்ட், எது அந்த ஆலை? தொழிற்சாலை மென்பொருள் ஸ்டார்ட்அப்பில் பொறியாளரின் வேலை

கோவையில் பம்புகளுக்கும் வாகனங்களுக்கும் உதிரிபாகம் செய்து கொடுக்கும் நடுத்தர ஆலை ஒன்றுக்குள் போனால், ஒரே வரிசையில் மூன்று தலைமுறை இயந்திரங்கள் நிற்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம். அண்மையில் வாங்கிய, கணினிக் கட்டளைப்படி இயங்கும் சிஎன்சி இயந்திரம் ஈதர்நெட் கம்பி வழியாகத் தன் நிலையைச் சொல்லிவிடும். அதன் பக்கத்தில் செகண்ட் ஹேண்டாக வந்து சேர்ந்த இயந்திரத்தின் பின்புறம் ஒரு சீரியல் போர்ட் மட்டும் இருக்கும். அதற்கும் அடுத்து நிற்கும் பழைய லேத்தில் அதுவும் கிடையாது. அது ஓடுகிறதா நிற்கிறதா என்று அறிய மோட்டாருக்குப் போகும் கரன்ட்டை அளப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்த மூன்றும் நேற்று எத்தனை மணி நேரம் ஓடின, எத்தனை பீஸ் எடுத்தன, ஏன் நின்றன என்பதை ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்கிறார். தொழிற்சாலை மென்பொருள் ஸ்டார்ட்அப் விற்பது அந்தத் திரையைத்தான். அதில் தெரியும் எண் சரியானதாக இருக்கப் பொறுப்பேற்பவர் பிராடக்ட் பொறியாளர்.

பெரிய மென்பொருள் நிறுவனங்களில் வாடிக்கையாளரிடம் பேசுகிறவர், என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கிறவர், நிரல் எழுதுகிறவர், அதைக் கொண்டுபோய் நிறுவுகிறவர் எல்லோரும் தனித்தனி ஆட்கள். இருபது முப்பது பேர் கொண்ட ஸ்டார்ட்அப்பில் இந்த நான்கு வேலைகளும் பெரும்பாலும் ஒருவரிடமே வந்து சேரும். திங்கட்கிழமை ஆலையில் மின் பேனல் கதவைத் திறந்து வைத்து நிற்பவரே புதன்கிழமை அலுவலகத்தில் டேட்டாபேஸ் அமைப்பை மாற்றிக்கொண்டிருப்பார். இந்த அலைச்சல் பழகிவிடும். பழகாமல் ஒவ்வொரு வாரமும் புதிதாக வந்து நிற்கும் சிக்கல் ஒன்று உண்டு. ஓர் ஆலையில் காணும் எண்ணற்ற தனிப்போக்குகளில் எதை எல்லா ஆலைகளுக்கும் பொதுவான பிராடக்டுக்குள் எடுத்துக்கொள்வது, எதை அந்த ஆலைக்குரிய அமைப்போடு நிறுத்திக்கொள்வது என்று பிரிப்பதே அது. தவறாகப் பிரித்ததன் விளைவு உடனே தெரியாது. பத்தாவது வாடிக்கையாளர் வந்து, அவருக்காகச் செய்த மாற்றம் இரண்டாவது வாடிக்கையாளரின் அறிக்கையைக் கெடுக்கும்போதுதான் தெரியவரும்.

ஆலைகள் இப்படி ஒன்றுக்கொன்று வேறுபட்டிருப்பதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, ரிலேக்கள் (மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்சுகள்) நிறைந்த கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு மாற்றாக, நிரலால் மாற்றியமைக்கக்கூடிய சாதனம் வேண்டும் என்று கேட்டது. ரிச்சர்ட் மோர்லியின் குழு உருவாக்கிய மோடிகான் 084 அந்தத் தேவைக்கு விடையாக வந்தது. பிஎல்சி என்று இன்று அழைக்கப்படும் சாதனங்களின் வரிசை அங்கிருந்து தொடங்குகிறது. ரிலே சர்க்யூட் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் நிரலையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஏணிப் படிகளைப் போல வரையும் லேடர் வரைபடம் அதன் மொழியாக ஆனது. அதே மோடிகான் 1979-இல் வெளியிட்ட மோட்பஸ் என்ற தொடர்பு முறை இன்று வாங்கும் புது எனர்ஜி மீட்டரிலும் மோட்டார் டிரைவிலும் அப்படியே இருக்கிறது. பாலைவனத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பின் வழியே கண்காணிப்பதற்காக 1999-இல் எம்கியூடிடி என்ற தொடர்பு முறை உருவானது. விண்டோஸ் கணினிகளோடு ஆலைச் சாதனங்களை இணைக்க 1996-இல் வந்த ஓபிசி என்ற முறை, பின்னர் ஓபிசி யுஏ ஆக வளர்ந்தது. புதியது வந்தபோதெல்லாம் பழையது விலகிக்கொள்ளவில்லை. நன்றாக ஓடும் இயந்திரம் இருபது ஆண்டுக்கு மேலும் ஓடும். ஓடுகிற இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கைவைக்க எந்த மெயின்டனன்ஸ் மேனேஜரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே ஐம்பது ஆண்டுகளில் வந்த எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருக்கும் என்று எதிர்பார்த்தே மென்பொருளை வடிவமைக்க வேண்டும்.

இதில் எவ்வளவு நுணுக்கமாகத் தவறு நேரும் என்பதற்கு மோட்பஸ் நல்ல எடுத்துக்காட்டு. மோட்பஸ் சாதனம் தன் அளவுகளை 16 பிட் ரிஜிஸ்டர்களில், அதாவது சிறு நினைவுக் கட்டங்களில், வைத்திருக்கும். தசமப் புள்ளியுள்ள ஓர் எண்ணைக் காட்ட இரண்டு ரிஜிஸ்டர்கள் தேவை. அந்த இரண்டில் எது முன்னால், எது பின்னால் என்பதை மோட்பஸ் விதிகள் வரையறுக்கவில்லை. மீட்டர் செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. 230 வோல்ட் என்பது ஒரு மீட்டரில் 17254, 0 என்ற இரு எண்களாக வரும்; இன்னொன்றில் 0, 17254 என்று வரும். வரிசையை மாற்றிப் படித்துவிட்டால் கிடைப்பது பூஜ்யத்துக்கு மிக மிக அருகிலுள்ள ஒரு நுண்ணிய எண். திரையில் அது 0.00 என்றே தெரியும். நிரலில் பிழை எதுவும் பதிவாகாது. பார்க்கிறவர்கள் கரன்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். இதைவிட ஏமாற்றுவது முகவரிப் பிழை. கையேட்டில் 40001 என்று அச்சிட்டிருக்கும் ரிஜிஸ்டர், கம்பியில் போகும் செய்தியில் 0 என்ற முகவரியைக் கொண்டது. ஒன்றைக் கழிக்க மறந்தால், வோல்டேஜை 16 பிட் முழு எண்ணாகத் தரும் மீட்டர்களில் ஆர் ஃபேஸுக்குப் பதிலாக ஒய் ஃபேஸின் வோல்டேஜ் வந்து உட்கார்ந்துகொள்ளும். 231-க்குப் பதில் 229 என்று காட்டினால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அடுத்தது சிடி விகிதம். பெரிய மின்னோட்டத்தை மீட்டருக்குள் நேரடியாக விட முடியாது என்பதால் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் (சிடி) வழியாகக் குறைத்து அனுப்புவார்கள். 200/5 என்ற விகிதம் என்றால் மீட்டருக்குள் வருவது உண்மையில் நாற்பதில் ஒரு பங்கு. இந்தப் பெருக்கலை மீட்டரே செய்கிறதா, மென்பொருள் செய்ய வேண்டுமா என்பது பேனலைக் கட்டிய எலக்ட்ரீஷியன் அன்று மீட்டரில் என்ன பதிந்தார் என்பதைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் பெருக்கினால் செலவு நாற்பது மடங்காகத் தெரியும். அதை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் பேனலில் 200/5 இருக்க, மீட்டரில் 150/5 என்று பதிந்திருந்தால் எண் கால்பங்கு குறைவாக, ஆனால் நம்பும்படியாகவே இருக்கும். அந்த எண்ணை வைத்து ஓர் இயந்திரம் சிக்கனமாக ஓடுகிறது என்று ஆலை முடிவு கட்டிவிடும்.

இங்கே பிரிக்கும் வேலை தெளிவாகத் தெரிகிறது. எந்த மாடல் மீட்டரில் எந்த ரிஜிஸ்டர், எந்த வரிசை என்பது எல்லா ஆலைக்கும் பொது. அதை ஒருமுறை சோதித்து பிராடக்டுக்குள் ஒரு தொகுப்பாக வைத்துவிட்டால், அடுத்த ஆலையில் யாரும் கையேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. சிடி விகிதம் அந்தப் பேனலுக்கே உரியது; அதை பிராடக்ட் ஊகிக்கக் கூடாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல பிராடக்ட் பொறியாளர் இதோடு நிற்காமல், நிறுவும் திரையிலேயே ஒரு கேள்வியை வைப்பார்: மீட்டரின் முகப்பில் இப்போது தெரியும் எண் என்ன? ஆலையில் நிற்பவர் அதைப் பார்த்து எழுதியதும் மென்பொருள் தான் படித்த எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அந்த மீட்டரைச் சேர்க்க மறுக்கும். மாத முடிவில் கிளை மீட்டர்களின் கூட்டுத்தொகையை மெயின் மீட்டரோடும் ஈபி பில்லோடும் ஒப்பிடும் அறிக்கை இன்னொரு காவல். இவை எவையும் விற்பனைக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கித் தரும் வசதிகள் அல்ல. ஆனால் இரண்டாவது ஆண்டும் ஆலை சந்தாவைப் புதுப்பிப்பது இவற்றால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

மீட்டரில் இருக்கும் சிக்கலுக்கு ஒரு சரியான விடை உண்டு. உற்பத்தித் திறனுக்கு அப்படி ஒரே விடை இல்லை. ஜப்பானின் செய்ச்சி நகாஜிமா டிபிஎம் என்ற பராமரிப்பு முறையின் பகுதியாகப் பரப்பிய ஓஇஇ என்ற அளவுகோல் இன்று பெரும்பாலான ஆலைகளில் பேசப்படுகிறது. இயந்திரம் ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு ஓடியது, ஓடிய நேரத்தில் எவ்வளவு வேகமாக ஓடியது, எடுத்த பீஸில் எத்தனை நல்ல பீஸ் என்ற மூன்று விகிதங்களைப் பெருக்கினால் ஓஇஇ. ஒரு ஷிஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். 480 நிமிடத்தில் இடைவேளை 30 போக 450 நிமிடம். அதில் 60 நிமிடம் இயந்திரம் நின்றது; ஓடியது 390. ஒரு பீஸுக்கு அரை நிமிடம் என்றால் 780 பீஸ் வந்திருக்க வேண்டும், வந்தது 702, அவற்றில் நல்லவை 688. கணக்குப் போட்டால் ஓஇஇ 76.4 சதவீதம்.

இப்போது அந்த 60 நிமிடத்தில் 40 நிமிடம், ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்கு மாறுவதற்கான செட்டிங் என்று வைத்துக்கொள்வோம். செட்டிங் என்பது திட்டமிட்ட வேலை, அதை இயந்திரத்தின் குறையாகக் கணக்கிடக் கூடாது என்று உற்பத்தி மேலாளர் சொல்கிறார். அதை ஓட வேண்டிய நேரத்திலிருந்தே கழித்தால் அடிப்படை 410 நிமிடம் ஆகிறது, ஓஇஇ 83.9 சதவீதம். உலகத்தரம் என்று பொதுவாகச் சொல்லப்படும் 85-ஐ இது தொட்டுவிடும் தொலைவில் இருக்கிறது. அதே ஷிஃப்ட், அதே இயந்திரம், அதே பீஸ்கள். ஒரு விதியை மாற்றியதால் ஏழரை சதவீதப் புள்ளிகள் கூடிவிட்டன. நகாஜிமாவின் முறையில் செட்டிங் நேரம் இழப்புதான். குறைக்க வேண்டிய இழப்பு என்பதாலேயே அது கணக்கில் சேர்க்கப்பட்டது. ஆயினும் மாதத்துக்கு இருநூறு விதமான பாகங்களைச் சிறு எண்ணிக்கையில் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் ஆலையும், ஆண்டு முழுவதும் ஒரே பாகத்தைச் செய்யும் ஆலையும் ஒரே விதியின்கீழ் வந்தால் முதலாவது எப்போதும் மோசமாகவே தெரியும் என்ற உற்பத்தி மேலாளர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

அனுபவம் குறைந்த குழு இதை நிரலுக்குள் ஒரு நிபந்தனையாக எழுதிவிடும்: இந்த வாடிக்கையாளர் என்றால் செட்டிங்கைக் கழி. ஐந்து வாடிக்கையாளர்கள் வந்தபின் அந்த இடத்தில் ஐந்து நிபந்தனைகள் நிற்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடையும். நிதானமான குழு இரண்டு அடுக்காகப் பிரிக்கும். இயந்திரம் எப்போது ஓடியது, எப்போது நின்றது, என்ன காரணம் சொல்லப்பட்டது, எத்தனை பீஸ் என்ற மூல நிகழ்வுகளை பிராடக்ட் எந்த ஆலையிலும் ஒரே மாதிரி, மாற்றாமல் வைத்திருக்கும். அவற்றை எப்படிக் கணக்கிடுவது என்ற விதி ஆலைக்குரியது. அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதோடு சேர்த்துப் பதியப்படும். ஏப்ரலில் விதியை மாற்றினால் மார்ச் அறிக்கை மாறாது. எந்த விதியின்படி இந்த எண் வந்தது என்பது எண்ணுக்குப் பக்கத்திலேயே தெரியும். முதலாளி இரண்டு ஆலைகளை ஒப்பிட விரும்பினால் இரண்டையும் ஒரே விதியில் மறுபடி கணக்கிட்டுக் காட்ட முடியும்.

இந்தச் சிந்தனை கோவைக்குப் புதிதல்ல. 1956-இல் இங்கே தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கமான சிட்ரா, நூற்பாலைகளின் உற்பத்தித் திறனை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆய்வுகளைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது. அதனால் 20-ஆம் நம்பர் நூல் நூற்கும் மில்லில் ஒரு ஸ்பிண்டில் (நூற்கும் கதிர்) தரும் எடை, 80-ஆம் நம்பர் நூற்கும் மில்லை விட இயல்பாகவே பல மடங்கு இருக்கும். அதை அப்படியே ஒப்பிடுவது அநியாயம். அதனால் எந்த நம்பர் நூலாக இருந்தாலும் அதை 40-ஆம் நம்பருக்கு மாற்றிக் கணக்கிட்டு ஒப்பிடும் பழக்கம் மில்களில் ஊன்றியது. 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி நேரம் என்ற கணக்கும் மில் மேலாளர்களுக்கு மனப்பாடம். மூல அளவை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, ஒப்பிடுவதற்கான விதியைத் தனியே, எல்லோருக்கும் தெரியும்படி வரையறுத்த ஒழுங்கு அது. தொழிற்சாலை மென்பொருள் எழுதும் இளைஞர்கள் அமெரிக்க ஸ்டார்ட்அப்களின் வெற்றிக் கதைகளோடு சிட்ராவின் இந்த அளவுகோல்களையும் படித்தால் பல மாத உழைப்பு மிச்சமாகும்.

நேரம் என்பது எளிதாகத் தோன்றி ஆளை வீழ்த்தும் இன்னொரு விஷயம். இரவு 11 முதல் காலை 7 வரை நடக்கும் மூன்றாம் ஷிஃப்ட்டில், 15-ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு எடுத்த பீஸ் ஆலையின் கணக்கில் 14-ஆம் தேதி உற்பத்தி. மென்பொருள் உலகின் வழக்கப்படி எல்லா நேரத்தையும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் சேமித்து, நாள்வாரியாகக் கூட்டினால் நாள் மாறுவது இந்திய நேரம் காலை 5.30-க்கு. அதாவது மூன்றாம் ஷிஃப்ட் நடுவிலேயே வெட்டுப்படும். சேமிப்பது யுடிசியில் இருப்பது சரிதான். ஆனால் ஆலையின் உற்பத்தி நாள் என்பது தனிப் பொருளாக பிராடக்டுக்குள் இருக்க வேண்டும். ஷிஃப்ட் நேரம் ஆலைக்கு ஆலை மாறும், சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறாக இருக்கும்.

மின்சாரமும் இணையமும் போய்வரும் இடங்களில் இது இன்னும் சிக்கலாகும். ஆலைக்குள் வைக்கும் சிறு கணினி, இணையம் இல்லாதபோது அளவுகளைத் தன்னிடம் சேமித்து, வந்தவுடன் அனுப்ப வேண்டும். காலை 8 மணிக்கு அறிக்கை போய்விட்டது. இரவு முழுதும் தேங்கிய அளவுகள் 9 மணிக்கு வந்து சேர்கின்றன. அறிக்கையை மாற்றலாமா? மாற்ற வேண்டும், மாற்றியது தெரியவும் வேண்டும் என்பதே சரியான விடை. 8 மணி அறிக்கையிலேயே இந்த இயந்திரத்தின் தகவல் முழுமையாக வரவில்லை என்று குறித்திருந்தால் யாருக்கும் மனக்கசப்பு வராது. ராஸ்பெர்ரி பை 4 போன்ற மலிவான போர்டுகளில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கரன்ட் போய் வந்து, இணையம் வராத நிலையில் அவை பழைய நேரத்தை வைத்துக்கொண்டே ஓடத் தொடங்கும். அந்த இடைவெளியில் பதிந்த எல்லாம் தவறான நேரத்தில் போய்ச் சேரும். கடிகாரச் சிப் ஒன்றையும் நாணய அளவு பேட்டரியையும் சேர்த்தால் தீரும் பிரச்சினை இது. அந்த முடிவை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டும். எண்பது பெட்டிகளை எண்பது பேனல்களில் மாட்டிய பிறகு எடுத்தால் ஒவ்வொரு பேனலையும் மறுபடி திறக்க வேண்டிவரும்.

இயந்திரம் தானாகச் சொல்லாத ஒன்று, அது ஏன் நின்றது என்பது. அதை இயக்குபவர்தான் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து வடிவமைத்தவர்கள் நாற்பது காரணங்களை ஒரு டச் ஸ்கிரீனில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். கையுறையிலும் விரலிலும் கட்டிங் ஆயில் இருக்கும் ஒருவர், அடுத்த பீஸை மாட்டும் அவசரத்தில் பட்டியலின் முதல் காரணத்தை அழுத்திவிட்டுப் போவார். மாத முடிவில் அந்த முதல் காரணமே ஆலையின் தலையாய பிரச்சினை என்று வண்ண வரைபடம் சொல்லும். "தம்பி, ஒவ்வொரு தடவையும் இதை அமுக்கிட்டு நின்னா மெஷினை யாருங்க பாக்கறது?" என்று சூப்பர்வைசர் கேட்கும் கேள்விக்கு வடிவமைப்புத்தான் பதில் சொல்ல வேண்டும். ஓரிரு நிமிட நிறுத்தங்களுக்குக் காரணமே கேட்காமல் விடலாம். அந்த இயந்திரத்தில் அடிக்கடி நேரும் ஆறேழு காரணங்களை மட்டும் பெரிய பொத்தான்களாக வைக்கலாம். மீதியை ஷிஃப்ட் முடிவில் சூப்பர்வைசர் நிரப்பலாம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் கோவை ஆலைகளில் நிறையப் பேர் இருப்பதால் திரை தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்க வேண்டும். படமாகவும் இருந்தால் இன்னும் நல்லது.

இதற்குள் ஒரு நியாயப் பிரச்சினையும் இருக்கிறது; அதைப் பேசாமல் கடந்துபோவது எனக்குச் சரியாகப் படவில்லை. இயந்திரத்தில் பெட்டி மாட்டப்படுகிறது என்றதும், தன்னைக் கண்காணிக்கத்தான் என்று தொழிலாளர் நினைக்கிறார். பல இடங்களில் அந்த நினைப்பு தவறுமில்லை. இயந்திரம் நின்ற நேரம் எல்லாம் இயக்குபவரின் கணக்கில் ஏறுமானால் அவர் சென்சாரை ஏமாற்றும் வழியைக் கண்டுபிடிப்பார். அதன்பின் அந்த ஆலையின் எந்த எண்ணும் நம்பத் தகுந்ததல்ல. வார்ப்பு வரவில்லை, டூல் ஸ்டோரில் இல்லை, இன்ஸ்பெக்ஷனுக்காகக் காத்திருக்கிறேன் என்று அவர் பதியும் காரணங்கள் காலைக் கூட்டத்தில் ஸ்டோர் பொறுப்பாளரிடமும் தரப் பிரிவிடமும் கேள்வியாகப் போய் நின்றால், அதே திரை அவருக்குச் சாட்சியாகிறது. எந்த அறிக்கையை ஆளின் பெயரில் காட்டுவது, எதை இயந்திரத்தின் பெயரில் மட்டும் காட்டுவது என்பது பிராடக்ட் பொறியாளர் எடுக்கும் முடிவு. முதலாளி கேட்டாலும் ஆள்வாரித் தரவரிசைப் பட்டியலை முதல் திரையில் வைக்கக் கூடாது என்று வாதாட அவர் தயாராக இருக்க வேண்டும்.

தொழில் நடத்தும் கோணத்திலிருந்து பார்த்தால் இந்தப் பிரிப்பு உயிர்நாடி. தொடக்க காலத்தில் சம்பளம் கொடுப்பதே வாடிக்கையாளர் கேட்கும் தனி மாற்றங்களுக்கு வரும் பணத்தில்தான். இயந்திரப் பட்டறை பீஸ் கணக்கில் கேட்கிறது. அடுத்து வரும் ஃபவுண்டரி எனும் வார்ப்பாலை, இண்டக்ஷன் ஃபர்னஸின் ஒவ்வொரு ஹீட்டுக்கும் (ஒருமுறை உருக்கும் உலோகத்துக்கும்) எடை, வேதியியல் அளவு, ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட் என்று கேட்கிறது. ஹீட் என்பதை ஃபவுண்டரிக்கான தனி மென்பொருளாக எழுதினால் நிறுவனத்தில் இரண்டு பிராடக்டுகள் உருவாகிவிடும். தொடக்கமும் முடிவும், உள்ளே போனதும் வெளியே வந்ததும், உடன் இணைந்த அளவுகளும் கொண்ட ஒரு தொகுதி என்று பொதுவாக யோசித்தால், ஹீட்டும் சாயப்பட்டறையின் ஒரு பேட்ச்சும் ஹீட் டிரீட்மென்ட்டின் ஒரு லோடும் அதே அமைப்பில் அடங்கும். ஆனால் இந்தப் பொதுமையை முதல் ஃபவுண்டரியிலேயே கண்டுபிடிக்க முயல்வது வீண். ஓர் ஆலைக்காக நேரடியாக எழுதி, இரண்டாவதில் ஒப்பிட்டு, மூன்றாவது வரும்போது பொதுவாக்குவதே நிலைக்கிறது.

எல்லையைச் சரியாகப் போட்ட நிறுவனத்துக்குச் சான்றாக ஓஎஸ்ஐசாஃப்ட்டைச் சொல்லலாம். 1980-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த நிறுவனம், எந்தக் கம்பெனியின் கட்டுப்பாட்டுச் சாதனமாக இருந்தாலும் அதன் அளவுகளை நேரத்தோடு சேமித்துக் கேட்டபோது கொடுப்பது என்ற ஒரே வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தது. 2021-இல் அதை அவேவா நிறுவனம் ஏறக்குறைய 500 கோடி டாலருக்கு வாங்கியது. சீமென்ஸ், ராக்வெல் போன்ற பெருநிறுவனங்கள் தம் சாதனங்களோடு சேர்த்தே மென்பொருளையும் விற்கும் இந்தத் துறையில், எல்லாச் சாதனத்துக்கும் பொதுவாக நின்றதே அதன் பலம்.

மென்பொருள் இயந்திரத்தை வெறுமனே படிக்கிறதா, அதற்குக் கட்டளையும் இடுகிறதா என்பது தள்ளிப்போடக் கூடாத இன்னொரு எல்லை. ஈரானின் அணு எரிபொருள் ஆலையிலிருந்த சீமென்ஸ் பிஎல்சிகளைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் 2010-இல் வெளிப்பட்டபின், ஆலை வலையமைப்பைப் பற்றிய கேள்விகள் கடுமையாகின. மொபைலிலிருந்தே இயந்திரத்தை நிறுத்தும் வசதி வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. நிறுத்தும் வசதி இருந்தால் ஓட்டும் வசதியும் அடுத்து வரும். பாதுகாப்பு மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுக்கொண்டிருக்கும் ஃபிட்டரை நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவரால் பார்க்க முடியாது. கண்காணிப்பு பிராடக்ட் படிப்பதோடு நிற்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. படிப்பதுகூட முற்றிலும் தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. பழைய பிஎல்சியிடம் நொடிக்குப் பலமுறை கேள்வி கேட்டால் அதன் தொடர்புப் பாதை நெரிசலாகி, இயக்குபவர் முன்னிருக்கும் திரை தாமதமாகும். ஆகவே எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்பது என்பதற்கு பிராடக்டே ஒரு வரம்பை வைத்துவிட வேண்டும்.

புதிய பதிப்பை அனுப்புவதிலும் ஆலையின் நாட்காட்டியே ஆட்சி செய்கிறது. ஃபர்னஸும் ஸ்பின்னிங் மில்லும் வாரம் முழுதும் ஓடும். பேனலைத் தொட வேண்டிய வேலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையோ, ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கலை ஒட்டி வரும் விடுமுறையோதான் வாய்ப்பு. பஞ்சுத் தூசு படியும் மில்லில் விசிறி வைத்த கணினி நீடிக்காது. கோடையில் மூடிய பேனலுக்குள் இருக்கும் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவால் பழுதை முன்கூட்டியே சொல்வோம் என்று இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் விளம்பரம் செய்கின்றன. அதிலுள்ள இடர் எளிமையானது. கற்றுக்கொள்ள எடுத்துக்காட்டுகள் வேண்டும். நன்றாகப் பராமரிக்கும் ஆலையில் ஒரு பேரிங் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் போகும். அது போன நாளும் லாக் புக்கில் "பேரிங் மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதியிருக்கும். உள் வளையத்தில் விரிசல் விழுந்ததா, கிரீஸ் வற்றியதா என்று இருக்காது. அதிர்வும் வெப்பமும் ஒரு வரம்பைத் தாண்டினால் எச்சரிப்பது, அதே ரக இயந்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவது, பழுது நேர்ந்தால் காரணத்தோடு பதியவைப்பது ஆகியவற்றை இரண்டு மூன்று ஆண்டு ஒழுங்காகச் செய்த ஆலையில்தான் அடுத்த படியைப் பேச முடியும்.

மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எதைப் படித்தவர்களும் இந்த வேலைக்கு வரலாம். மற்ற இரண்டையும் வேலையில் கற்றுக்கொள்ள மனம் இருந்தால் போதும். சேர்வதற்கு முன் நேர்காணலில் தயங்காமல் கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. எத்தனை வாடிக்கையாளர்களுக்கு இப்போது தனி நிரல் பிரதி ஓடுகிறது? நிரல் எழுதுகிறவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது ஆலைக்குப் போகிறார்களா, அந்தப் பயணத்தை நிறுவனம் வேலையாகக் கருதுகிறதா? ஒரு மாற்றத்தை வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் கடைசியாக எப்போது சொன்னார்கள், யார் சொன்னது? இரவு இரண்டு மணிக்கு மூன்றாம் ஷிஃப்ட் சூப்பர்வைசர் கூப்பிட்டால் ஃபோனை எடுப்பவர் யார், மறுநாள் அவருக்கு ஓய்வு உண்டா? பைலட்டாக, அதாவது சோதனை முயற்சியாக, தொடங்கிய ஆலைகளில் எத்தனை இரண்டாவது ஆண்டுக்கும் பணம் கட்டின? கடைசிக் கேள்விக்கு எண்ணிக்கையோடு, வாடிக்கையாளர் விலகிய காரணங்களோடு பதில் வருமானால் அந்த நிறுவனம் தன் ஆலைகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பலாம்.